ஷெரீப் காத்த கிணறு

உங்களுக்கெல்லாம் அந்தக் குதிரைப் படம் ஞாபகம் இருக்கணும். நம்ம செட்டுல பாதிப் பேரு போய்ச் சேந்தாச்சு. மிச்சம் இருக்கிற நாமளும் முட்டி வலி, சுகருன்னு மாத்திரை டப்பாவப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம். இருந்தாலும் சொல்றேன். வேற யாருகிட்ட சொல்றது? பேரப்புள்ளைங்ககிட்ட ஆரம்பிச்சா, "கலரே இல்லாத படமா, ஐயே"ன்னு எந்திரிச்சுப் போயிருதுங்க. எனக்கும் பின்னாடியே போயி கையப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கத் தெம்பு இல்ல.

நம்ம லெப்பைக்குடிக்காட்டுக்கு வெளிய, பெரம்பலூர் போற ரோட்டுல டென்ட்டு கொட்டா இருந்துச்சே, அங்கதான் அந்தப் படம் வந்துச்சு. மணல் தரை, பின்னாடி பெஞ்சு, பொம்பளைங்களுக்குத் தனியா மறைச்சு இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மண்ணு சுவரு. படம் ஓட்டுற மிஷினு ஒண்ணே ஒண்ணு. ஒரு ரீல் முடிஞ்சா லைட்டப் போட்டுட்டு, அடுத்த ரீல மாட்டுற வரைக்கும் ஜனங்க பீடியும் முறுக்குமா உக்காந்திருக்கும். அந்த இடைவேளையிலதான் என்னையப் பெத்த எங்க அத்தா சோடா விப்பாரு. எங்க அத்தாவ உங்க எல்லாருக்கும் தெரியும், சோடா கம்பெனி ஷெரீப்பு. கம்பெனின்னா பெருசா ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக் கொல்லையில கையால சுத்துற ஒரு மிஷினு, உக்கார ஒரு ஸ்டூலு, கோலி பாட்டில் அடுக்குன மரப்பெட்டிங்க. கேஸ் ஏறுறப்ப பாட்டில் வெடிச்சுரும்னு மூஞ்சிக்கு ஒரு சாக்குத் துணியக் கட்டிக்கிட்டுச் சுத்துவாரு. எலுமிச்சையும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாசம் அவரு சட்டையில எப்பவும் அடிக்கும். நான் அவரு கைலியப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்ச புள்ள, அதனால எம்மேலயும் அடிக்கும். பள்ளிக்கூடத்துல நீங்க எல்லாம் என்னைய "கோலி"ன்னு கூப்புட்டீங்களே, அதுக்குத்தான். நான் மறக்கல.

அந்த வருஷம் மழை சுத்தமா இல்ல. வெள்ளாறு வெறும் மணலா கெடந்துச்சு. நம்ம தெருவுல வூட்டுக்கு ஒரு ஆம்பள சவூதி, குவைத்துன்னு கெளம்ப ஆரம்பிச்சதும் அந்த சமயந்தான். எங்க பெரியத்தா, அதான் அத்தாவோட அண்ணன், அத்தாவுக்கும் ஒரு விசா ஏற்பாடு பண்ணிட்டாரு. கேட்டுட்டுப் பண்ணல. ஒரு நாளு அத்தா சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில வந்து நின்னு, "ஒனக்கு வந்துருச்சுடா. நோம்புக்கு முந்தி கெளம்புற மாதிரி இருக்கும்"ன்னாரு. அத்தா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. பெரியத்தா, "அப்ப அடுத்த வாரம் போட்டோ புடிச்சுரு"ன்னுட்டுப் போயிட்டாரு.

அத்தாவுக்குப் பேச்சு வராது. திக்குவாய் எல்லாம் கெடையாது. பெரியவங்க முன்னாடி எதுத்து ஒரு வார்த்தை சொல்லணும்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும் அவருக்கு. எங்கிட்ட மட்டும் பேசுவாரு. மறுநாளு பாட்டில் கழுவிக்கிட்டே, "எனக்குப் போவப் புடிக்கலம்மா. நீயும் தங்கச்சியும் வளர்றத அப்பறம் யாரு பாக்குறது? சோடா ஒண்ணும் நம்மளப் பட்டினி போடலயே"ன்னாரு. "பெரியத்தாகிட்ட சொல்லுங்கத்தா"ன்னேன். "சொல்லணும்"ன்னாரு. அதோட பாட்டில் கழுவுறதுல எறங்கிட்டாரு.

இந்த நேரத்துலதான் கொட்டாய்க்கு வரவேண்டிய தமிழ்ப் படப்பெட்டி வராமப் போச்சு. காலியா கெடக்கக் கூடாதுன்னு மொதலாளி எங்கேருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் படத்தக் கொண்டாந்துட்டாரு. நோட்டீஸ் போடணும்ல? டிக்கெட் கிழிக்கிறவருதான் அதுக்கு எழுத்தாளரு. அவரும் ஆபரேட்டரும் ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்காங்க. பேசுறதுல ஒரு எழவும் புரியல. ஒரே ஒரு வார்த்தை மட்டும் காதுல விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. ஷெரீப், ஷெரீப், ஷெரீப். ஆளாளுக்கு அவன அப்படித்தான் கூப்புடுறாங்க. சரி, இதான் கதாநாயகன் பேருன்னு முடிவு பண்ணி, "ஷெரீப் காத்த கிணறு"ன்னு தமிழ்ல ஒரு பேர வச்சு, வண்டியில மைக்கக் கட்டி ஊரச் சுத்திட்டாரு.

ஷெரீப்ங்கிறது அங்க ஊர்க்காவல் பாக்குற ஆளோட பதவின்னு இன்னைக்கு எந்தப் பொடியனும் சொல்லுவான். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? நம்ம ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு ஷெரீப்பு மேல விழணும். "ஏங்க, அமெரிக்காவுல நம்மாளு ஒருத்தரு கதாநாயகனாமுங்க!" அம்புட்டுதான், படமே ஹராம்னு கொட்டாப் பக்கம் தல வச்சுப் படுக்காத வூட்டு ஆளுங்கெல்லாம் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்துட்டாங்க. எங்க பெரியத்தாவே வந்து பெஞ்சுல மொத வரிசையில உக்காந்தாரு!

படம் ஆரம்பிச்சதும் கூத்தப் பாக்கணுமே. "தொப்பி போட்டிருக்காரு பாருங்க"ன்னு ஒருத்தரு. "நெஞ்சுல நட்சத்திரம் குத்தியிருக்காரு, பிறையத்தான் காணோம்"ன்னு இன்னொருத்தரு. "பிறை உள்சட்டையில இருக்கும், உக்காருய்யா"ன்னு பின்னாடிலேர்ந்து ஒரு குரலு. எல்லாம் நல்லாத்தான் போச்சு, அந்த ஷெரீப்பு ஒரு கடைக்குள்ள போயி கிளாஸ எடுத்து ஒரே மடக்குல குடிக்கிற வரைக்கும். கொட்டா முழுக்க கப்சிப். பெரியத்தா திரும்பி அத்தாவப் பாத்தாரு, என்னமோ அத்தாதான் ஊத்திக் குடுத்த மாதிரி. அத்தா நிதானமா, "அது கலரு சோடாண்ணே"ன்னாரு. சோடாக்காரரே சொல்லிட்டாரு, அப்பறம் என்ன? கலருதான்னு ஊரே ஒத்துக்கிட்டு மேக்கொண்டு பாத்துச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்க அம்மாவுக்கு வேற அவஸ்தை. புருஷன் பேர வாயால சொல்லக் கூடாது. பக்கத்துல இருக்கிறவளுக்குக் கத சொல்லணும்னா, "இவங்க பேருக்காரவரு இருக்காங்கள்ல, அவங்க குதிரையில ஏறிட்டாங்க"ன்னுதான் சொல்லணும். அந்த அமெரிக்காக்காரனுக்கு எங்க அம்மா குடுத்த மரியாதைய அவன் பெத்த தாய் கூடக் குடுத்திருக்க மாட்டா.

கத இதான். சுத்தி வெறும் மணலு, கல்லு, நடுவுல ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரே கிணறு. மாட்டு மந்தை வச்சிருக்கிற ஒரு பெரிய ஆளு அதத் தனக்குன்னு வளைச்சுக்கப் பாக்குறான். நாளைக்கு வர்றேன்னு சொல்லி அனுப்பிடுறான். ஊருக்காரங்க ஒவ்வொருத்தனா கதவச் சாத்திக்கிறான். ஷெரீப்போட பொண்டாட்டி ஒரு பெட்டியக் கட்டி வண்டியில வச்சு, தானும் ஏறி உக்காந்துக்கிட்டு அவனப் பாக்குறா. வா, போயிரலாம்னு அர்த்தம். குதிரை காலத் தட்டிக்கிட்டு நிக்குது. அவன் அந்த வண்டியப் பாக்குறான், கிணத்தப் பாக்குறான். வூட்டுக்குள்ள போயி ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்து கிணத்தோரமா போடுறான். துப்பாக்கிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துர்றான். ஒரு வார்த்தை பேசல. வண்டியில இருக்கிறவ அவனையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, மெதுவா எறங்கிப் பெட்டியக் கீழ எறக்குறா. அப்பறம் சாத்தின கதவெல்லாம் ஒண்ணொண்ணா தெறக்குது. பொறவு சண்டை, சுடுறது, குதிரை எகிறுறது எல்லாம் வந்துச்சு. நீங்க எல்லாம் விசிலடிச்சது அதுக்குத்தான்.

எங்க அத்தாவுக்குப் புடிச்சது அது இல்ல. படம் ஓடுன வரைக்கும் தெனமும் சாயங்காலம் ஆபரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல சோடாப்பெட்டி மேல உக்காந்து பாத்தாரு, நானும் கூட உக்காந்து பாத்தேன். நாற்காலியத் தூக்கிட்டு வர்ற கட்டம் வந்தா மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குவாரு. யாராச்சும் "ஷெரீப்பு, ஒரு சோடா"ன்னா காதுல விழாது. கருப்பு வெள்ளையில அந்த வெயிலு இன்னும் கண்ணக் கூசும். வானம் பூரா வெள்ளை, அவன் நெழலு மட்டும் மை மாதிரி கருப்பு. பாட்டு கெடையாது, அழுக கெடையாது, தாயே தங்கச்சியேன்னு வசனம் கெடையாது. காத்துச் சத்தமும் குளம்புச் சத்தமும்தான். எனக்கு அப்ப புரியல, இப்ப நல்லாப் புரியுது. நம்ம படத்துல கதாநாயகன் பேசியே ஜெயிப்பான். பக்கம் பக்கமா பேசணும். எங்க அத்தாவுக்கு அது எந்தக் காலத்துலயும் வராது. வாயத் தெறக்காம ஒரு ஆளு "மாட்டேன்"னு சொல்லலாம், ஊரும் அதப் புரிஞ்சுக்கும்னு அவருக்குக் காட்டுன மொத ஆளு அந்தக் குதிரைக்காரன்தான். அதுவும் தன் பேரையே வச்சிருக்கான். மனுஷன் கெறங்கிப் போயிட்டாரு.

ஊரு அத வேற மாதிரி எடுத்துக்கிச்சு. தெருவுல போனா ரெண்டு வெரல நீட்டி "டிஷ்யூம், ஷெரீப்பு"ன்னு கேலி. அத்தாவும் சிரிச்சுக்கிட்டே நெஞ்சப் பிடிச்சுக்குவாரு. பெரியத்தா எங்க அம்மாகிட்ட வந்து, "படம் பாத்து மண்ட கொழம்பிப் போச்சு இவனுக்கு. நல்லவேள, வெளிநாடு போறான், தெளிஞ்சுரும்"ன்னாரு. அம்மாவும் தலைய ஆட்டுச்சு. அம்மாவையும் குத்தம் சொல்ல மாட்டேன். தெருவுல எல்லா வூட்டுலயும் ஆம்பள போயிட்டான், நம்ம வூட்டு ஆளு மட்டும் சோடா சுத்துறாங்களேன்னு அதுக்கு ஒரு கொறை. ரெண்டு பொட்டப் புள்ளைங்க வேற.

கெளம்புற நாளும் வந்துச்சு. குதிரை வண்டியில பஸ் ஸ்டாண்டு, அங்கேருந்து பஸ்ஸுல அரியலூரு, அரியலூருல ரயிலு, அப்பறம் பம்பாயி. காலையிலேயே சொந்தக்காரங்க வந்து வூடு நெறஞ்சு போச்சு. வாசல்ல குதிரை வண்டி நிக்குது. பொட்டிய வண்டியில ஏத்தியாச்சு. அத்தாவுக்குப் புதுச் சட்ட, புதுக் கால்சட்ட, அத்தர் வாசம். சோடா வாசம் இல்லாத அத்தா எனக்கு யாரோ மாதிரி இருந்தாரு. எல்லாரும் அவரு வர்றதுக்குக் காத்துக்கிட்டு நிக்கையில, அவரு விறுவிறுன்னு உள்ள போயி கொல்லைக்கு நடந்தாரு. ஸ்டூல இழுத்து மிஷினுக்குப் பக்கத்துல போட்டாரு. ரெண்டு கையையும் முட்டி மேல வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

எனக்கு அல்லாவே, எப்படி இருந்துச்சுங்கிறீங்க! அம்புட்டு சந்தோஷம். அத்தா போவ மாட்டாரு, அவரு போவ மாட்டேன்னு சொல்லிட்டாரு! ஓடிப் போயி அம்மா முந்தானையப் புடிச்சு இழுத்தேன். "அம்மா, அத்தா போவலையாம்மா. உக்காந்துட்டாங்கம்மா. பொட்டிய எறக்கச் சொல்லும்மா"ன்னேன். அம்மா, "கெளம்புற நேரத்துல அபசகுனமா பேசாத. வாய மூடுடி"ன்னு வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு. நான் விடல, மறுபடியும் கத்துனேன். பக்கத்துல நின்ன மாமி என் வாய்ல ஒரு பேரீச்சம்பழத்தத் திணிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அடுப்படி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொருத்தரா கொல்லைக்கு வர்றாங்க. "மிஷின விட்டுப் போவ மனசு இல்ல பாவம்"ன்னு ஒருத்தரு. "நல்ல நேரம் பாத்து உக்காந்திருக்காரு"ன்னு ஒருத்தரு. "ஷெரீப்பு கிணத்தக் காக்குறாருடோய்"ன்னு ஒரு ஆளு சொல்ல, கொல்லையே சிரிச்சுச்சு. அத்தாவும் சிரிக்கப் பாத்தாரு, முடியல. அவரு கண்ணு ஒவ்வொரு மூஞ்சியா போச்சு. அந்தப் படத்துல கதவு தெறக்குமே, அது மாதிரி யாராச்சும் ஒருத்தரு தெறப்பாங்கன்னு பாத்திருக்காரு.

நம்ம வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. நிக்காஹ்ல பொண்ணுகிட்ட சம்மதம் கேக்க ஆளு வருவாங்க. அது தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம இருந்தா, பொண்ணுக்குச் சம்மதம்னு வெளிய போயிச் சொல்லிருவாங்க. அப்படித்தான் எனக்கும் சொன்னாங்க, உங்கள்ல பாதிப் பேருக்கும் சொன்னாங்க. நம்ம ஊர்ல பேசாம இருந்தா சரின்னுதான் எடுத்துக்குவாங்க. அமெரிக்காவுல வேற மாதிரி இருக்கலாம். எங்க அத்தா நெனச்சது அந்த ஊருப் பேச்சு, கூடி நின்னவங்களுக்குப் புரிஞ்சது நம்ம ஊருப் பேச்சு. பெரியத்தா வந்து தோள்ல கையப் போட்டு, "மனசு கனக்கத்தான்டா செய்யும். வா, பிஸ்மி சொல்லி எந்திரி"ன்னாரு. பாசமாத்தான் சொன்னாரு, அதையும் சொல்லணும். அத்தா அவரு மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்தாரு. ஒதடு ரெண்டு தடவ அசைஞ்சுச்சு. சத்தம் வரல. எந்திரிச்சுட்டாரு.

அப்பறம் என்ன, எல்லார் வூட்டு கத மாதிரிதான். வருவாரு, போவாரு. வர்றப்ப நான் ஒரு சாண் வளந்திருப்பேன். என் நிக்காஹ்க்கு வந்தாரு, தங்கச்சி நிக்காஹ்க்கு லீவு கெடைக்கல. மிஷினு துருப்பிடிச்சு, பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். அங்க அவருக்குக் கெடச்சது என்ன வேலைங்கிறீங்க? வாட்ச்மேன். ஏதோ ஒரு குடோன் வாசல்ல ஒரு நாற்காலி, சுத்தி வெறும் மணலு. பகல் பூரா உக்காந்திருக்கணும். ஒரு தடவ லீவுல வந்தப்ப, "ஏம்மா, ஷெரீப்ங்கிறது பேரு இல்லையாம், வேலையாம். ரூம்ல கூட இருக்கிற மலையாளத்துக்காரரு சொன்னாரு. அப்ப நான் பேருக்கும் ஷெரீப்பு, வேலைக்கும் ஷெரீப்பு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அம்மா கூடச் சேந்து சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப அம்மா இல்ல, பெரியத்தாவும் மௌத்தாயி ரொம்ப நாளாச்சு. அத்தா எங்கிட்டதான் இருக்காரு, படுக்கையும் நாற்காலியுமா. மாத்திரை, டயப்பரு, கஞ்சி. எனக்கே ஒரு ஆளு வேணுங்கிற வயசுல நான் இன்னொரு ஆளப் பாக்குறேன். சலிப்புத்தான், பொய் சொல்ல மாட்டேன். போன மாசம் ஷார்ஜாவுல இருக்கிற என் மகன், "உம்மா, நீங்க சொல்ற கிணத்துப் படம் இதுதானா பாருங்க"ன்னு போன்ல அனுப்பிவிட்டான். அதே படந்தான். அத்தாவுக்குத் தலகாணிய நிமித்தி வச்சு, போன அவரு கண்ணுக்கு நேரா பிடிச்சேன். அந்த வெயிலு, அந்த வெள்ள வானம், குளம்புச் சத்தம். பொண்டாட்டி வண்டியில உக்காந்திருக்கா, அவன் நாற்காலியத் தூக்கிட்டு வர்றான். உக்காந்தான்.

"நிறுத்தும்மா"ன்னாரு அத்தா.

"இன்னும் இருக்குத்தா. ஜெயிக்கிறதே இனிமேதான வரும்."

"அவன் ஜெயிச்சுருவான். அவன் எதுக்கு உக்காந்திருக்கான்னு பாக்குறவங்களுக்குத் தெரியுதுல்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு. "நான் எதுக்கு உக்காந்தேன்னுதான் அன்னைக்கு ஒரு ஆளுக்கும் தெரியாமப் போச்சு."

இத்தன வருஷத்துல அந்த நாளப் பத்தி அவரு வாயத் தெறந்தது இதான் மொத தடவ. போன மடியில வச்சுட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சுச்சுத்தா. நீங்க ஸ்டூலப் போட்டப்பவே தெரிஞ்சுச்சு. அம்மாகிட்ட ஓடிப் போயிச் சொன்னேன். பொட்டிய எறக்கச் சொல்லும்மான்னு கத்துனேன். என்னைய அடுப்படிக்குள்ள தள்ளிட்டாங்க."

அத்தா தலையத் திருப்பி என்னையப் பாத்தாரு. கண்ணு சரியாத் தெரியாது அவருக்கு, இருந்தாலும் பாத்தாரு.

"சொன்னியா நீ?"

"சொன்னேன்த்தா."

"சத்தமாவா?"

"தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனேன்த்தா."

"அப்பச் சரி"ன்னாரு.